பொன்னுரங்கம் தொட்டியின் பெயர்க்கல்

2023ஆம் ஆண்டு ஏப்ரல் மாதம் பதினாறாம் நாள், ஞாயிற்றுக்கிழமை முற்பகலில், சிகந்தராபாத்தை அடுத்த லாலாகுடாவில், முருகன் கோயில் வாசலில் உள்ள தண்ணீர்த் தொட்டியின் பெயர்க்கல்லிலிருந்து பொன்னுரங்கம் என்னும் பெயர் இயந்திரத்தால் தேய்த்து அழிக்கப்பட்டது. அழிக்கச் சொன்னவர் கோயில் கமிட்டித் தலைவர் கிருஷ்ணகுமார். அழிப்பதற்கு முன் அவர் எவரையும் கேட்கவில்லை. அழித்த பின் எவரிடமும் வருந்தவுமில்லை.

பொன்னுரங்கம் ரயில்வே பட்டறையில் கொதிகலன் பிரிவில் ஆணியறைந்தவர். அரக்கோணத்துப் பக்கத்திலிருந்து பிழைப்புக்கு வந்தவர். நண்பகல் சங்கு ஊதியதும் நாக்கு வறண்டு வெளியே வரும் ஆட்களுக்காக, விடுமுறை நாள்களில் தன் கூட்டாளிகளைச் சேர்த்துக்கொண்டு, செங்கல்லும் சுண்ணாம்பும் சுமந்து அந்தத் தொட்டியை அவர் கட்டினார். அவர் மறைந்தபின், கூட்டாளிகள் ஒரு தாண்டூர்க் கல்லில் அவருடைய பெயரை வெட்டித் தொட்டியின் முன்முகத்தில், குழாய்க்கு மேலே, பதித்தார்கள். அவர் மகன் சிவஞானமும் அதே பட்டறையில் ஃபிட்டராக இருந்து ஓய்வு பெற்றவர். சனிக்கிழமைதோறும் தொட்டியை வடித்து, உள்ளே இறங்கித் தேங்காய் நாரால் பாசியைத் தேய்த்துக் கழுவுவது அவருடைய வேலை. அதை அவருக்கு யாரும் இடவில்லை, அவரே எடுத்துக்கொண்டார்.

அந்த ஞாயிற்றுக்கிழமை அவர் தம் மகள் தாரிணியுடன் மெட்டுகூடாச் சந்தையில் காய்கறி வாங்கிக்கொண்டு வந்தார். வெயில் தார்ச் சாலையில் அலை அலையாய் நடுங்கியது. கோயில் வாசலில் ஏழெட்டுப் பேர் கூடியிருந்தனர். குழாயின் மேலும் கீழுள்ள வாளிகளின் மேலும் சாம்பல் நிறத் தூள் படிந்திருந்தது. கல் மொழுக்கென்று நின்றது.

"இன்னா கிருஷ்ணகுமாரு, எங்கப்பா பேரு எங்க?" என்றார் சிவஞானம்.

கிருஷ்ணகுமார் எதிர்வரிசையில் குளியலறைச் சாமான் கடை வைத்திருப்பவர். வெள்ளைச் சட்டையில் ஒரு தூளும் படாதபடி எட்டி நின்று வேலை வாங்கிக்கொண்டிருந்தார்.

"பெரியவரே, நெழல்ல வந்து நில்லுங்க மொதல்ல. கல்லு பழசாய்ப் போச்சு. எழுத்தெல்லாம் மழுங்கிடுச்சு. நம்ம பசங்களுக்குத் தமிழே படிக்க வராது. அவங்களுக்கு இந்தப் பழைய பேரு கைக்கு, எதுக்கு?"

"புதுப் பேரு மட்டும் படிக்க வருமா அவங்களுக்கு?"

"டைல்ஸ் போட்டது நானு. ஸ்டீல் குழாய் போட்டது நானு. போரு பைப்பு இழுத்தது நானு."

"கட்டுனது யாரு?"

"நீங்கதான் சொல்றீங்க உங்கப்பான்னு. சாட்சி யாரு? அந்தக் காலத்து ஆளு ஒருத்தராச்சும் உசுரோட இருந்தா கூட்டிக்கினு வாங்களேன். நானே மால போட்டு ஒக்கார வெக்கிறேன்."

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். சிலர் வேண்டுமென்றே சிரித்தார்கள். சிலர் தலைவர் சிரித்ததால் சிரித்தார்கள். சிவஞானத்தின் கையிலிருந்த பை நழுவி, கத்தரிக்காய்கள் வாளிகளுக்கிடையே உருண்டன. தாரிணி குனிந்து பொறுக்கினாள். புதிய குழாய்க்கு இடம் செய்வதற்காகக் கல்லின் அடிவிளிம்பில் அறுத்தெறிந்த துண்டுகள் இரண்டு இடிபாட்டில் கிடந்தன. கத்தரிக்காயோடு அவற்றையும் எடுத்துப் பையின் அடியில் போட்டாள். அந்தச் சிரிப்பில் யார் யார் குரல் இருந்தது என்பதை, நிமிராமலேயே, ஒவ்வொன்றாகக் கேட்டு வைத்துக்கொண்டாள்.

அடுத்த வாரத்தில் கல்லில் புதிய எழுத்து ஏறியது. "கிருஷ்ணகுமார் குடும்பத்தார் உபயம், குடிநீர் தொட்டி" என்று, வல்லின ஒற்று மிகவேண்டிய இடத்தில் மிகாமல், ஆனால் தங்க வண்ணம் மட்டும் தாராளமாக மிக்கு, அது மின்னியது.

*

சிவஞானம் அதன்பின் அந்தத் தெருவில் காலெடுத்து வைக்கவில்லை. கோயில் மணி கேட்டால் வானொலியின் ஒலியைக் கூட்டினார். சனிக்கிழமை விடிந்தால் மட்டும் பழைய வழக்கப்படி எழுந்து, வேட்டியை மடித்துக் கட்டி, தேங்காய் நாரை எடுத்தார். போக இடமில்லாமல் குளியலறையில் குந்தி, வீட்டு வாளிகளைத் தேய்த்தார்.

"தாத்தா, இப்புடே கடிகாரு கதா!" என்றாள் பேத்தி, தாரிணியின் மகள் ஹர்ஷிதா. இப்போதுதானே கழுவினீர்கள் என்று அவள் தெலுங்கில் கேட்டாள். அவர் வாளியின் அடிப்பக்கத்தைத் திருப்பி வைத்து அதையும் தேய்த்தார்.

சாப்பாடு பாதியாகக் குறைந்தது. புளிச்சக்கீரை கடைந்து, மேலே வெங்காயத்தை நறுக்கித் தூவி வைத்தால் இரண்டாம் முறை சோறு கேட்பவர், தட்டில் கோடு கிழித்துக்கொண்டிருந்தார்.

"உப்பு கம்மியாப்பா?" என்றாள் தாரிணி.

"உப்பெல்லாம் சரியாத்தான் கீது."

"பின்ன?"

"சாட்சி கேட்டான் பாத்தியா," என்றார் அவர். "எங்கப்பன் கட்டுனதுக்கு எங்கிட்டயே சாட்சி கேட்டான். நானும் வாய மூடிக்கினு வந்துட்டேன். அதுதான் எறங்கல."

தாரிணிக்கு அன்றே முடிவாகிவிட்டது. கிருஷ்ணகுமாரின் பெயர் அந்தக் கல்லில் நிற்கக் கூடாது. ஊர் பார்க்க விழவேண்டும். எப்படி என்பதுதான் தெரியவில்லை.

தாரிணி பட்டான்செருவில் மேற்பூச்சுத் தயாரிக்கும் ஓர் ஆலையின் சோதனைக்கூடத்தில் வேலை பார்த்தாள். கல், சிமெண்டு, மரம் எதன்மேல் எதைப் பூசினால் எவ்வளவு காலம் நிற்கும் என்று பார்த்துச் சொல்வது அவள் தொழில். மெட்டுகூடாவில் கம்பெனிப் பேருந்து ஏறினால் நகரத்தின் ஒரு கோடியிலிருந்து மறுகோடிக்குப் போய்ச் சேருவதற்குள் பாதித் தூக்கம் முடிந்துவிடும். அவளோடு வேலை பார்த்தவர் வாணியம்பாடிக்காரரான இர்பான். வயதில் மூத்தவர். அவளை மகள் முறையில் "தாரிணிம்மா" என்பார். அவள் அவரை "பாய்" என்பாள்.

அவள் அந்த இரண்டு கல் துண்டுகளையும் மேசைமேல் வைத்தாள்.

"இதென்னம்மா, சமாதிக் கல்லா?" என்றார் இர்பான்.

"இன்னும் ஆகல பாய்."

அவர் ஒரு துண்டைக் கையில் எடுத்து நுனி நாக்கால் தொட்டுப் பார்த்தார். "உப்பு ஊறியிருக்கே. எங்கே இருந்துச்சு இது?"

"தண்ணித் தொட்டிச் சொவத்துல. சுண்ணாம்புச் சொவரு. பின்னால எப்பவும் தண்ணி."

தாண்டூர்க் கல் ஏடு ஏடாகப் படிந்து இறுகிய கல். கண்ணுக்குத் தெரியாத துளைகள் அதில் உண்டு. பின்னாலிருக்கும் ஈரம் அத்துளைகள் வழியே முன்னே வந்து, வெயிலில் ஆவியாகிப் போய்விடும். வரும்போது சுவரிலுள்ள உப்பையும் கரைத்துக் கொண்டுவரும். வெளிமுகத்தில் வெள்ளையாய்ப் பூத்து நிற்கும் அந்த உப்பைத் துடைப்பத்தால் தட்டினால் உதிர்ந்துவிடும், கல்லுக்குக் கேடில்லை. இத்தனை ஆண்டுகளும் அப்படித்தான் நடந்தது. உள்ளே தொட்டியைத் தேய்த்த சிவஞானம், வெளியே கல்லையும் தட்டிவிட்டுத்தான் வீடு திரும்புவார்.

தாரிணி ஒரு துண்டின் முகத்தில் பளபளக்கும் அக்ரிலிக் பூச்சைப் பூசினாள். அது கல்லின்மேல் கண்ணாடித் தோல்போலப் படர்ந்து துளைகளின் வாயை மூடுவது. மற்றதில் சிலேன் வகைப் பூச்சு. அது துளைகளின் உட்சுவரில் மட்டும் ஒட்டிக்கொள்ளும். மழைத்துளி உருண்டு ஓடும், ஆவி போகும் வழி திறந்திருக்கும், கல் பூசாத கல்லைப் போலவே மங்கலாக இருக்கும். இரண்டையும் உப்புநீர்த் தட்டில் அடிப்பக்கம் நனையும்படி நிறுத்தி, மின்விசிறிக் காற்றில் காயவிட்டாள். நனைப்பதும் காயவிடுவதும் மழைக்காலம் வரை நடந்தன.

பளபளப்புக் கல்லில் முதலில் அம்மைக் கொப்புளம்போல ஒரு புடைப்பு எழுந்தது. வெளியேற வழியில்லாத உப்பு, தோலுக்குப் பின்னாலேயே பூத்து, இடம் போதாமல் கல்லைத் தள்ளியது. ஒருநாள் காலை அவள் விரலால் தொட்டதும், பூச்சும் அதன்கீழ் ஓர் ஏடு கல்லும் சேர்ந்து அப்பளம்போல் கையோடு வந்தன.

"மங்கல் கல்லும் பூரா நல்லால்ல பாரு," என்றார் இர்பான். "ஓரம் பொரியுது. பின்னால தண்ணி நிக்கிற கல்லுக்கு முன்னால எதுவுமே பூசக் கூடாது. தொட்டிக்கு உள்ளே பூசி ஈரத்தை நிறுத்தணும். அதான் வைத்தியம்."

"தெரியும் பாய்."

"தெரிஞ்சும் எதுக்குப் பூசிப் பார்த்தே?"

அவள் கையிலிருந்த கல் ஏட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "எப்படி விழும்னு பாக்கணும்னு இருந்துச்சு."

இர்பான் மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். "தாரிணிம்மா, பொய் சொல்லி எவனையாவது மாட்டிவிடப் போறியா? அது நம்ம தொழிலுக்கு ஆகாது."

"பொய்யே சொல்லமாட்டேன் பாய். உங்க மேல ஆணை."

*

மழை ஓய்ந்தது. கந்த சஷ்டிக்கு முன்பே கிருஷ்ணகுமாரின் தங்க எழுத்துகள்மேல் வெள்ளை பூத்தது. போதாக்குறைக்கு வெள்ளிக்கிழமைகளில் பெண்கள் வழக்கம்போலக் கல்லுக்கு மஞ்சள் பூசிக் குங்குமம் வைத்தார்கள். தண்ணீர் தரும் கல்லுக்குச் செய்யும் மரியாதை அது. பெயர் யாருடையதானாலும் செய்வார்கள். மஞ்சள் நீர் ஒழுகி எழுத்துப் பள்ளங்களில் தேங்கியது. "தலைவருக்கு மஞ்சக்காமாலை" என்று யாரோ சொன்னது அவர் காதுக்கும் எட்டிவிட்டது.

அவர் தாரிணியைக் கோயிலுக்குக் கூப்பிட்டனுப்பினார். கமிட்டியார் நால்வரும், சுண்டல் கட்டிக்கொண்டிருந்த வள்ளியம்மாள் முதலிய பெண்களும் இருந்தார்கள்.

"வாம்மா தாரிணி. உங்கப்பா கோவமெல்லாம் எறங்கிடுச்சா? ஹவ், சரி, விடு. நீ கோட்டிங் கம்பெனிதானே? மழை, மஞ்சள் எதுவும் ஒட்டாம இந்தக் கல்லுக்கு ஒண்ணு பூசணும். எது நல்லது?"

அவள் கைப்பையிலிருந்து, அதே வகைக் கல்லில் புதிதாகப் பூசிய இரண்டு துண்டுகளை எடுத்துத் திட்டின்மேல் வைத்தாள். ஒன்று மங்கல், ஒன்று முகம் தெரியும் பளபளப்பு. அவருடைய கண் எதன்மேல் போய் நின்றது என்பதைப் பார்த்துக்கொண்டாள். பிறகு எல்லாருக்கும் கேட்கும்படி, நிறுத்தி நிறுத்திச் சொன்னாள்.

"தலைவரே, ரெண்டும் வேணாம். முக்கியமா இந்தப் பளபளப்பு நக்கோ. தண்ணி மழையிலருந்து வரல, பின்னால தொட்டியிலருந்து வருது. முன்னால மூடினா கல்லு உரியும். தொட்டியை வடிச்சி உள்ளே பூசுங்க. வெளியே கல்லைச் சும்மா விடுங்க."

ஒரு சொல்லும் பொய்யில்லை. இந்த ஊரில் எந்தப் பொறியாளரைக் கேட்டாலும் இதையேதான் சொல்லியிருப்பார். ஆனால் பொன்னுரங்கத்தின் பேத்தி வேண்டாம் என்று சொன்ன ஒன்றைக் கிருஷ்ணகுமார் செய்யாமல் விடமாட்டார் என்பது, கல்லுக்கு உப்பு எங்கிருந்து வருகிறது என்பதைப் போலவே, தாரிணிக்குத் திட்டமாகத் தெரியும்.

கிருஷ்ணகுமார் கமிட்டியாரைப் பார்த்துக் கண்ணைச் சிமிட்டினார். "பாத்தீங்களா? அப்பனுக்குத் தப்பாத பொண்ணு. என் பேரு பளிச்சுன்னு தெரிஞ்சா இவங்களுக்கு வயிறு எரியுது. உள்ளே பூசினா யாரு கண்ணுக்குத் தெரியும்?"

"தெரியாதுதான்."

"நான் இதையே பூசறேன். எத்தனை கோட்டு போடலாம்?"

"ஒண்ணுகூட வேணாம்னு சொல்றேன்."

"அப்ப மூணு போடறேன்!" என்றார் அவர். சிரிப்பு எழுந்தது. அதே குரல்கள்தாம். தாரிணி துண்டுகளைப் பையில் போட்டுக்கொண்டு, தனக்கான சுண்டலையும் வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தாள்.

மூன்று பூச்சும் விழுந்தன. கல் ஆபரணக்கடைக் கண்ணாடிபோல மின்னியது. மஞ்சள் ஒட்டவில்லை. துளித் தண்ணீர் தெளித்தால் முத்துமுத்தாக உருண்டது. கிருஷ்ணகுமார் அதன் முன்னே நின்று படம் எடுத்து எல்லாருக்கும் அனுப்பினார், தாரிணிக்கும் அனுப்பினார். அவள் அதற்குக் கும்பிடு போட்டு விடையனுப்பினாள்.

மார்கழிக் குளிரில் காற்று வறண்டது. பட்டான்செருவிலிருந்து பேருந்தில் திரும்பும்போதெல்லாம் அவள் ஒரு நிறுத்தம் முன்பே இறங்கி, தொட்டிக்கு எதிர்ப்புறமாக நடந்தாள். அருகே போகவில்லை. தைப்பூசத்தன்று "கிருஷ்" என்னும் எழுத்துகளின் அடியில் சிறிய கொப்புளம் ஒன்று வெயிலில் பளபளத்தது. அன்று வீட்டுக்கு வந்து அவள் வடையும் பாயசமும் செய்தாள்.

"இன்னாத்துக்கு இது?" என்றார் சிவஞானம்.

"தைப்பூசம்ப்பா."

"அது எனக்கும் தெரியும். நீ ஏன் தனியா சிரிச்சிக்கினு கீற?"

*

பங்குனி உத்திரத்துக்கு முந்தைய வெள்ளிக்கிழமை. காவடிக்குப் பந்தல் போட்டாகிவிட்டது. வாசல் நிறையக் கூட்டம். வள்ளியம்மாள் ஈரத்துணியோடு கல்லைத் துடைக்க வந்தாள். மஞ்சள் பூசுவதற்கு முன் ஒருமுறை துடைப்பது அவள் வழக்கம். மேல்வரியில் இடக்கோடியிலிருந்து வலக்கோடிக்கு ஓர் இழுப்பு இழுத்தாள். சரசரவென்று ஓசை கேட்டது. துணியைப் பார்த்தாள். தங்க எழுத்து ஒட்டிய கல் ஏடுகள், உப்புத் தூளோடு, துணி நிறைய இருந்தன.

"அய்யய்யோ!" என்று அலறினாள். "தலைவரு எந்துணியில வந்துட்டாருடீ!"

முதலில் ஒருத்தி சிரித்தாள். பிறகு வாசலே சிரித்தது. ஒருவன், "குடும்பத்தார் மட்டும் கீறாங்க, தலைவரு போய்ட்டாரு!" என்று கத்தினான். அடுத்த இழுப்பில் குடும்பத்தாரும் போனார்கள். தாரிணி அப்போதுதான் பேருந்திலிருந்து இறங்கி வந்தாள். சிரித்த குரல்களைக் கேட்டாள். ஏப்ரல் மாதத்தில் கேட்ட அதே குரல்கள்.

கிருஷ்ணகுமார் கடையிலிருந்து ஓடிவந்தார். "நீதான்! நீதான் கெடுத்தே! விஷப் பூச்சைக் காட்டி ஏமாத்திட்டே!"

"நான் என்ன சொன்னேன்னு கேளுங்க தலைவரே. இங்கேயேதான் நின்னாங்க எல்லாரும்."

"நக்கோன்னுச்சே அந்தப் பொண்ணு," என்றாள் வள்ளியம்மாள், துணியை உதறாமல் ஏந்தியபடி. "கல்லு உரியும், ஒண்ணுகூட வேணாம்னுச்சு. நீங்கதான் மூணுன்னு ஏலம் கேட்டீங்க. சுண்டல் கட்டிக்கினே கேட்டேன் நானு."

"சாட்சி வேணும்னா இன்னும் நாலு பேரு இருக்காங்க," என்றாள் தாரிணி. "மால போட்டு ஒக்கார வெக்கிறீங்களா?"

கிருஷ்ணகுமார் கல்லைத் தொட்டார். இன்னோர் ஏடு உதிர்ந்து அவருடைய வெள்ளைச் சட்டையில் தூளாய்ப் படிந்தது.

வீட்டில் சிவஞானத்துக்கு அவள் நடந்ததைச் சொன்னாள். அவர் வானொலியை அணைத்துவிட்டுக் கேட்டார்.

"தெரிஞ்சேதான் சொன்னியா நீயி?"

"நெசத்தைத்தாம்ப்பா சொன்னேன். நான் நக்கோன்னா அவரு ஹவ்னுவாருன்னு தெரிஞ்சே சொன்னேன்."

"எத்தினி கோட்டு போட்டான்?" என்றார்.

"மூணு."

"மூணா!" அவர் தோள் குலுங்கியது. குலுங்கிக் குலுங்கிக் கண்ணில் நீர் வரும்வரை சிரித்தார். "எம்மா, அந்தப் புளிச்சக்கீரை மீந்திருந்தா கொஞ்சம் போடு."

மறுநாள் சனிக்கிழமை. விடியற்காலையில் அவர் தேங்காய் நாரை எடுத்துக்கொண்டு தெருவில் இறங்கினார். தாரிணியும் பின்னே போனாள். தொட்டியை வடித்து, உள்ளே இறங்கிப் பாசியைத் தேய்த்தார். ஏறி வெளியே வந்து கல்லின் முன் நின்றார். தழும்பு விழுந்த வெறுங்கல். அவர் உள்ளங்கையை அதன்மேல் வைத்து, பழைய எழுத்து இருந்த இடத்தில் இடமிருந்து வலமாக மெல்ல நகர்த்தினார்.

"அவன் பேரு போச்சு," என்றார். "எங்கப்பா பேரு வரலியே, தாரிணி."

பெயரை விழவைக்க அவளுக்குத் தெரிந்தது. பெயரை ஏற்றுவதற்குக் கமிட்டியின் இசைவு வேண்டும். அவள் நேரில் போய்க் கேட்டாள். அவர்கள் கீழே பார்த்துக்கொண்டு, "எல்லாம் சரிம்மா, சாட்சின்னு ஒருத்தர் வேணுமே" என்றார்கள். கிருஷ்ணகுமார் ஒரு கறுப்பு கிரானைட் பலகை செய்யச் சொல்லியிருக்கிறார். அது அவருடைய கடையில், கழுவுதொட்டிகளுக்கிடையில், தாளில் சுற்றிச் சாய்த்து வைக்கப்பட்டிருக்கிறது. ஊர்ச் சிரிப்பு அடங்கட்டும் என்று அவர் காத்திருக்கிறார்.

அடங்கவிடாதீர்கள். இதைப் படித்துவிட்ட நீங்கள் இனித் தெரியாதவர் அல்லர். லாலாகுடாப் பக்கம் போகும்போது அந்தத் தொட்டியருகே நில்லுங்கள். குழாயைத் திறந்து ஒரு கை நீர் குடியுங்கள். பிறகு எதிர்க்கடையைப் பார்த்து, உள்ளே அமர்ந்திருப்பவர் காதில் விழும்படி, உரக்கக் கேளுங்கள்: "இந்தத் தொட்டியைக் கட்டியவர் பொன்னுரங்கம்தானே?" அவர் விடை சொல்லும்வரை அங்கிருந்து நகராதீர்கள்.